மழை வரலையாம், பையன் சொன்னது சரியாம்

அன்பு மகன் ரமீஸுக்கு, பாசிர் ரிஸ்லேர்ந்து அம்மா எழுதுறது. அஸ்ஸலாமு அலைக்கும். மெல்பர்ன்ல நீ நல்லா இருக்கேன்னு ஃபோட்டோவுல பாத்துக்கிட்டேன், அல்ஹம்துலில்லாஹ். இங்க நான் நல்லா இல்ல, கோவத்தோட எழுதுறேன், எழுத்து கோணலா இருந்தா சமாளிச்சுப் படி. ஃபோன்ல சொன்னா மீட்டிங் இருக்கும்மான்னு வச்சுடுவே, அதான் கடிதம். நடந்தது உன் காதுக்குப் போகக்கூடாதுன்னு உன்னைப் பெத்த அத்தா நாலு தடவை சொல்லிட்டாரு. நான் சொல்லத்தான் போறேன்.

போன சனிக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுதுட்டு வழக்கம்போல தூண்டிலைத் தூக்கிக்கிட்டு பீச்சுக்குப் போனாரு. கடலைத் தாண்டி ஜோகூர் பக்கம் வானம் கருத்துக் கிடந்துச்சாம், அதை ஃபோட்டோ புடிச்சு உனக்கு அனுப்பினாரு. நீ அங்க உக்காந்துக்கிட்டு ரேடார் ஆப்பைத் தட்டிப் பாத்துட்டு, மழை ஜோகூர்லதான் அத்தா, பாசிர் ரிஸ் கிளியர், தாராளமா மீன் புடிங்கன்னு மெசேஜ் போட்டே. கூட இருந்த ஹுசைன் மாமா இடிச் சத்தம் கேட்டதுமே வாங்க போயிடலாம்னு கூப்பிட்டிருக்காரு. இவரு அசையல, பையன் பாத்துச் சொல்லிட்டான்னாராம். கொஞ்ச நேரத்துல பக்கத்து மரத்துல மின்னல் இறங்கிடுச்சு. ஒரு சொட்டு மழை இல்ல. அத்தா மணல்ல நினைவில்லாமக் கிடந்தாரு. ஹுசைன் மாமாதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாரு, அவருக்கு நாம கடமைப்பட்டிருக்கோம். நெஞ்சுல ஒயரா மாட்டி ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில வச்சிருந்தாங்க. இப்ப வீட்டுக்கு வந்துட்டாரு, ஒரு காது இன்னும் இரையுது, இடது கை மரத்துப்போயிருக்கு, உன் தங்கச்சி அனம் பொங்கோல் வீட்டுலேர்ந்து தினம் கஞ்சி கொண்டாந்து ஊட்டிட்டுப் போறா. இவ்வளவுக்கும் அந்த மனுஷன் என்ன சொல்றாரு தெரியுமா, மழை வரலையே சல்மா, பையன் சொன்னது சரிதானேங்கிறாரு! எந்தச் சுவத்துல போய் முட்டிக்கிறது நான்?

ஏன்டா, ஊரான் பிள்ளைங்களுக்கெல்லாம் ஸ்கூல்ல ஜியாகிரபி சொல்லிக்கொடுத்தவ நான், என் வயித்துல பொறந்தவனுக்கு ரேடார் எதைக் காட்டும்னு தெரியாதா? அது மழைத்துளியைக் காட்டும், மேகத்துக்குள்ள சேர்ற மின்சாரத்தைக் காட்டாது. விடிகாலையில சுமத்ராவுலேர்ந்து வரிசை கட்டி வருமே ஒரு காத்துமழை, அதை ஆப்புல பாத்துப் பாத்து எல்லா மழையும் அப்படித்தான் நகர்ந்து வரும்னு நெனச்சுட்டே. இது ஏப்ரல் மாசம். வடகிழக்குக் காத்து ஓஞ்சாச்சு, தென்மேற்கு இன்னும் ஆரம்பிக்கல, மேகத்தைத் தள்ளிட்டுப் போக ஆளில்ல. பகல் பூரா தரை கொதிக்குது, கடல்காத்து ரெண்டு பக்கத்துலேர்ந்தும் வந்து முட்டுது, ஈரக்காத்து நட்டுக்குத்தலா மேல ஏறி ஒரு மணி நேரத்துல மலை கணக்கா மேகமாயிடுது. உச்சியில இதுக்கு மேல ஏற முடியாம தட்டையாப் பரவுது. உள்ள ஐஸ் துகளும் ஆலங்கட்டியும் மோதி மோதித்தான் மின்சாரமே உண்டாகுது. அந்த மின்னல் மழை பெய்யுற எடத்துலதான் விழணும்னு எந்தச் சட்டமும் இல்ல. பத்து கிலோமீட்டர் தள்ளி, தலைக்கு மேல வெயில் அடிக்கிற எடத்துலகூட விழும். இடி காதுல கேட்டுச்சுன்னா மின்னல் உன்னைத் தொடுற தூரத்துல இருக்குன்னு அர்த்தம், கட்டடத்துக்குள்ள போயிடணும், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிச்சுத்தான் வெளிய வரணும். கையில கார்பன் தூண்டில் வேற, மின்னலை வா வான்னு கூப்பிடுறதுக்கு!

வர்ற சனிக்கிழமையும் போவேங்கிறாரு. நான் கத்தியாச்சு, டாக்டர் சொல்லியாச்சு, அனம் அழுதுட்டா. ரமீஸ்கிட்ட கேட்டுட்டுப் போறேன், அவனுக்கு இதெல்லாம் தெரியும்னு ஒரே பேச்சு. அங்க போய் மீன் புடிக்கிறாருன்னா நெனைக்கிறே? மீன் கொண்டாந்து மாசக்கணக்காச்சு. நீ வாரத்துக்கு ஒரு தடவை கூப்பிடுறே, கேக்குறது ஒண்ணே ஒண்ணு, அத்தா, அங்க வெதர் எப்படின்னு. அதுக்குப் பதில் சொல்லத்தான் அந்த ஆளு வாரம் பூரா வானத்தைப் பாத்துக்கிட்டுத் திரியுறாரு. உன்கிட்ட பேச அவருக்கு வேற எதுவும் நீ மிச்சம் வைக்கல. அன்னிக்கு மின்னல் தாக்கி விழுறதுக்கு முன்னாடி மேகத்தோட உச்சியை இன்னொரு ஃபோட்டோ எடுத்து அனுப்பியிருக்காரு. ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் முதல்ல கேட்டது, அதைப் பையன் பாத்தானா, என்ன எழுதினான்னுதான். ஃபோனை எடுத்துப் பாத்தேன். கட்டைவிரல் படம் ஒண்ணு மட்டும் போட்டிருந்தே. நல்லாயிருக்குன்னு எழுதியிருக்கான்னு அவருகிட்ட பொய் சொன்னேன். அந்தக் கோவம்தான்டா எனக்கு இன்னும் அடங்கல.

அங்க குளிர் ஆரம்பிச்சிருக்கும், காதை மூடிக்கிட்டு வெளிய போ, திட்டினாலும் இதைச் சொல்லாம இருக்க முடியல. அல்லாஹ் உன்னை எந்த ஆபத்தும் அண்டாமக் காப்பாத்தட்டும், உன் வேலையில பரக்கத் செய்யட்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிஞ்சதும் அத்தாவைக் கூப்பிடு, மறந்துடாதே. நான் சொன்னது தப்பு, இடி கேட்டா உள்ள போயிடுங்கன்னு உன் வாயால சொல்லு. சொல்லிட்டு ஃபோனை வச்சுடாதே. வெதர் கேக்காதே, வேற ஏதாவது கேளு. என்ன கேக்குறதுன்னு தெரியலைன்னா சும்மா லைன்ல இரு. அவரு பேசுவாரு.

கோவம் தீராத உன் அம்மா,
உம்மு சல்மா