சார் வந்துவிட்டார்

10-8-1988, புதன்
வெள்ளிக்கிழமை நாடகத்துக்கு நான்தான் பொறுப்பாம். பூந்தமல்லியிலிருந்து ஒரு குழு. பள்ளிப் பிள்ளைகளுக்காகவே நாடகம் போடுகிறவர்களாம். எனக்கு நம்பிக்கையில்லை. இருபத்திரண்டு வருஷமாகப் பார்க்கிறேன். பொய் சொன்ன பையன் கடைசியில் திருந்துவான், நாம் கை தட்டுவோம். தலைமையாசிரியை சுசீலா மேடத்துக்கு ஒரே கவலை: தாளாளர் எதில் உட்காருவார்? தன் வீட்டு சோஃபாவையே கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.

12-8-1988
நான் நினைத்தது தப்பு. ஊர்க்குளத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பிப் பூட்டிவிட்ட ஒரு பண்ணையார். சாவியைத் திருடுகிற ஒரு சிறுமி. அறிவுரை ஒரு வரிகூடக் கிடையாது. அவள் தவழ்ந்து போகையில் முந்நூறு பிள்ளைகளும் மூச்சு விடவில்லை.
சாவியைப் பூட்டில் வைத்தாள். அப்போதுதான் வந்தார் தாளாளர், ஐம்பது நிமிஷம் தாமதமாக. நாடகம் நின்றது. மாலை, பொன்னாடை, ஒழுக்கத்தைப் பற்றி நாற்பது நிமிஷப் பேச்சு. மணி அடித்தது. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினோம்.
சீ.

16-8-1988
ஏழாம் வகுப்பு கண்ணம்மா வராந்தாவில் மறித்துக்கொண்டாள்.
"டீச்சர், பூட்டு தொறந்துச்சா?"
"தெரியாதும்மா."
"உங்களுக்குமா தெரியாது?"
அவள் அப்பாவுக்குத் தொழிற்சாலையில் மாற்றல். 27ஆம் தேதி குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு திருச்சிக்குப் போகிறார்கள். "தெரியாமலேயே போவணுமா டீச்சர்?" என்கிறாள்.

17-8-1988
வெள்ளிக்கிழமைக் குறிப்பில் 'நாடகம் நின்றது' என்று எழுதியிருக்கிறேன். தானாகவா நின்றது?
சுசீலா மேடம் கண்ணைக் காட்டினார். நான் எழுந்தேன். நானே மேடையேறி, சாவி வைத்திருந்த அந்தக் கையைப் பிடித்து, "நிறுத்தும்மா, சார் வந்துட்டார்" என்றேன். நாக்கு கூசவில்லை. எம்.ஏ. வரலாறு! மன்னர்களின் துதிபாடிகளை வகுப்பில் எவ்வளவு கிண்டல் செய்கிறேன் - ஒருத்தி கண்ணைக் காட்டினால் எழுந்துவிடுகிறேன். தாளாளர் மேல் கோபப்படுவது சுலபம். த்தூ.

20-8-1988, சனி
ஆவடியிலிருந்து பஸ் பிடித்துப் பூந்தமல்லி போனேன். குழுவை நடத்தும் ஹாஜா மொய்தீனுக்குத் தையல் கடை. மன்னிப்புக் கேட்டேன். அவர் மெஷினை நிறுத்தாமலே சிரித்தார்.
"உடுங்க டீச்சர். போன மாசம் ஒரு ஸ்கூல்ல ராஜா சாவுற நேரம் பார்த்து நிறுத்திட்டாங்க. அரை மணி நேரம் பாதி செத்துகினு நின்னான் பாவம்."
மீதி பன்னிரண்டு நிமிஷம்தானாம். வியாழக்கிழமை கடைசி வகுப்புக்கு வருகிறார்கள்.
"சோஃபா உண்டா?" என்றார்.
"கிடையாது."
மேடத்திடம் அனுமதி கேட்கப் போவதில்லை. கேட்டால் சோஃபா வந்துவிடும்.

25-8-1988, வியாழன்
கொடிக்கம்பத்தின் அருகே, ஏழாம் வகுப்பு மட்டும். நானும் தரையில்தான். சிறுமி மறுபடியும் சாவியைப் பூட்டில் வைத்தாள். பியூன் துலுக்கானம் ஓடிவந்து என் முன்னால் நின்றார்.
"டீச்சர், சார் வந்துகீறாரு. நிறுத்திட்டு உங்கள உடனே வரச் சொல்றாங்கோ மேடம்."
வராந்தாவில் மேடம் கண்ணைக் காட்டுவது இங்கிருந்தே தெரிந்தது. என் கால் தானாக எழப் பார்த்தது. வெட்கங்கெட்ட கால்.
"உட்காருங்க துலுக்கானம். பிள்ளைங்களுக்கு மறைக்குது."
"இன்னா டீச்சர், என் வேலைக்கே உலை வெச்சுடுவீங்க போல கீதே" என்றார். ஆனால் உட்கார்ந்தார்.

29-8-1988, திங்கள்
கண்ணம்மா சனிக்கிழமை போய்விட்டாள். வெள்ளிக்கிழமை முழுக்க, பூட்டு எப்படித் திறந்தது என்று மற்ற வகுப்புகளுக்கெல்லாம் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.
இன்று மெமோ வந்தது. தாளாளர் அழைத்தும் எழுந்து வராததற்கு மூன்று நாளுக்குள் விளக்கம் எழுதித் தர வேண்டுமாம்.
மூன்று நாள் எதற்கு? அங்கேயே நின்று எழுதிக் கொடுத்தேன்: 'நாடகம் முடிந்திருக்கவில்லை.'