பெட்டி அடித்தவர் தலைவரானார்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் சுகம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

இந்த வெளிநாட்டில் இறந்துபோகும் நம் தொழிலாளர்களின் உடலை ஊருக்கு அனுப்பிவைக்கும் எங்கள் சங்கத்துக்கு என்னைத் தலைவராக்கிவிட்டார்கள். சிரிக்காதீர்கள். எனக்கு முன்பு இருந்தவர்கள் ஒரு வக்கீலும் ஒரு வங்கி அதிகாரியும்.

"தச்சு வேலை பார்க்கிறவருக்கு இதெல்லாம் என்ன தெரியும்?" என்று ஒருவர் கேட்டார்.

கூட்டத்திலிருந்த நர்ஸம்மா எழுந்தார். "இதுவரைக்கும் இங்க செத்துப்போன பதினேழு பேருக்கும் சவப்பெட்டி அடிச்சது இவர். அவங்க வீட்டுக்கெல்லாம் போன் பண்ணிச் சொன்னதும் இவர்தான்."

உடனே எல்லோரும் எனக்குக் கை தூக்கினார்கள்.

தலைவர் என்று பதிவு செய்யக் கேட்கிறார்கள், என் பத்தாம் வகுப்புச் சான்றிதழை நகலெடுத்து அனுப்புங்கள். கூடவே உங்கள் கையால் இரண்டு வரி எழுதுங்கள்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. இனிமேல் சங்கத்து எண்ணிலிருந்துதான் கூப்பிடுவேன். சாவுச் செய்தி சொல்லும் எண்ணாயிற்றே என்று அதைப் பார்த்துப் பதறாதீர்கள் அம்மா, பேசுவது நானாகத்தான் இருக்கும்.

உங்கள் மூத்தவன்