உன் பொம்மையை யார் கரைப்பது?

இன்று காலை மண் டிரம்மின் மேல் போட்டிருந்த ஈரச் சாக்கை நீக்கினேன். களிமண் வாசனை குப்பென்று வந்தது. அந்த வாசனை வந்தால் நீயும் வந்துவிடுவாய். தலையில் துண்டு, தூக்கிச் செருகிய நைட்டி, "இன்னாடி, ஆரம்பிக்கலாமா?" என்று ஒரு கேள்வி. கிறிஸ்துமஸுக்குச் சில வாரங்கள்தான் இருக்கின்றன. நான் சாக்கை மறுபடி மூடிவிட்டு, உள்ளே வந்து கதவைத் தாழிட்டுக்கொண்டேன். பயம்டி, வேறென்ன?

நான் எதற்குத்தான் பயப்படவில்லை? முதன்முதலாக நீ உன் வீட்டு வாசலில் கிறிஸ்துமஸ் குடில் வைக்கக் கூப்பிட்டபோதும் பயந்தேன். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் பக்கத்து வீட்டுக்காரி மாதா முன்னால் மண் பிசைந்தால் தெரு என்ன சொல்லும் என்று. உன் குடிலில் கடையில் வாங்கிய இடையர்கள் கிடையாது. குழந்தை யேசு மட்டும், பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்த உன் அப்பா கொண்டுவந்த பீங்கான் பொம்மை. மற்றதெல்லாம் நம் முத்தியால்பேட்டைத் தெரு ஆட்கள்தான். இட்லிக்கார அம்மா, மின்சார மீட்டர் பார்க்க வருபவர், எதிர்வீட்டு டீச்சர், அவர் ஸ்கூட்டரைத் துரத்தும் நாய். நான் செய்த மூக்கெல்லாம் கத்திரிக்காய் மாதிரி வந்தது. "தப்பாப் போச்சே" என்று பதறினால், "போனா போவுது. விக்கவா போறோம்? பயமா இருந்தா பயத்தோடயே செய்டி" என்பாய்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் நீ கறார். குழந்தை யேசுவைப் பார்க்க மூன்று ராஜாக்கள் வந்த ஜனவரி ஆறாம் தேதித் திருநாளன்று தெருவே வரும். அவரவர் பொம்மையை அவரவரே எடுத்து டிரம் தண்ணீரில் போட வேண்டும். அடுத்த வருஷத்துக் குடிலுக்கும் அதே மண். இட்லிக்கார அம்மா தன் பொம்மைக்கு முத்தம் கொடுத்துவிட்டுப் போடுவார். மீட்டர்காரர், "எம்மாம் அழகா இருக்கேன், இதப் போயி கரைக்கச் சொல்றியேம்மா" என்று அடம்பிடிப்பார். "மெர்சி, மெர்சி, போடுங்க" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லியே விரட்டுவாய். ஒருத்தரையும் நீ வீட்டுக்கு எடுத்துப்போக விட்டதில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு உனக்குத் தெரியாமல் உன்னைச் செய்தேன். மந்தமான இடது காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, தலையைச் சாய்த்து, எதிராளி பேசுவதைக் கேட்பாயே, அப்படி. என் கை செய்ததில் அது ஒன்றுதான் சரியாக வந்தது, மூக்கு உட்பட. நீ கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாய். "அய்ய, இவ்ளோ குண்டாவா இருக்கேன்? இரு, ராஜாக்கள் அன்னைக்கி மொத ஆளா என்னை நானே தொபுக்குனு போட்டுடறேன்."

புது வருஷம் பிறந்த கையோடு உனக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் கதவைத் திறக்கும்போதெல்லாம் பயந்து எழுந்து நின்றேன். ராஜாக்கள் திருநாள் வந்தபோது நீ இல்லை. எல்லாரும் தங்கள் பொம்மையைப் போட்டுவிட்டுப் போனார்கள். உன்னுடையதை எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. டிரம்மை என் வீட்டுக்கு நகர்த்தினேன். உன்னை என் பீரோ மேல் வைத்தேன்.

அன்று பிடித்த பயம் இன்னும் விடவில்லை. மழைக்காற்று அடித்தால் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவேன். பீரோ மேல் பல்லி ஓடினால் அலறுவேன். அப்படியும் உன் கழுத்தில் ஒரு விரிசல் விட்டது. போட்டோக்களில் எல்லாம் நீ சிரிக்கிறாய். நான் பேசுவதைக் கேட்கும் உன் முகம் இந்த மண்ணில் மட்டும்தான் இருந்தது. இதுவும் போனால் உன் முகம் எனக்கு மறந்தே போய்விடும் என்று நடுங்கினேன்.

போன வாரம் கடற்கரைப் பக்கம் ஓட்டல் நடத்தும் ஒரு அம்மாள் குடிலைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தாள். உன்னைப் பார்த்ததும் கையில் எடுத்துக்கொண்டாள். "சூளையில சுட்டு, கண்ணாடிப் பெட்டியில வச்சிடறோம். எத்தனை வருஷமானாலும் அப்படியே இருக்கும்" என்றாள். விலையும் சொன்னாள். அது கிடக்கட்டும். 'அப்படியே இருக்கும்' என்றாளே, அதில்தான் விழுந்தேன். தலையாட்டிவிட்டேன்டி! உன்னைத் துணியில் சுற்றிக்கொண்டே கேட்டாள்: "இதே மாதிரி ஒரு டஜன் செஞ்சு தருவீங்களா? ரிசப்ஷன்ல வச்சு வித்துடலாம். கொஞ்சம் ஒல்லியா இருந்தா நல்லாப் போகும்."

ஒல்லியாவாம்! எனக்கு எங்கிருந்துதான் குரல் வந்ததோ. "குடுங்க இங்க" என்று பிடுங்கிக்கொண்டேன். அவள் போன பிறகும் வெகுநேரம் உன்னை மடியிலேயே வைத்திருந்தேன். ஒருத்தரையும் வீட்டுக்கு எடுத்துப்போக விடாத உன்னை நானே பீரோ மேல் அடைத்து வைத்திருந்தது அப்போதுதான் உறைத்தது.

இன்று தாழிட்ட கதவை மத்தியானம் திறந்தேன். உன்னை எடுத்துக்கொண்டு போய் ஒரு பக்கெட் தண்ணீரில் இறக்கினேன். அவரவர்தான் போட வேண்டும் என்ற உன் சட்டத்தை மீறிவிட்டேன். காய்ந்த மண் புஸ்ஸென்று குமிழி விட்டது. காதுக்குப் பின்னால் இருந்த கைதான் முதலில் போனது. முகம் இளகியதும், ஐயோ என்று அள்ளினேன். சேறுதான் வந்தது. பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அப்புறம் அந்தச் சேற்றை டிரம்மில் ஊற்றிப் பிசைந்தேன். முதல் பொம்மையாக என்னைச் செய்தேன். இத்தனை வருஷத்தில் நீ என்னைச் செய்ததில்லை. என்னையும் செய்யேன் என்று கேட்க எனக்கும் பயம். மூக்கு பழையபடி கத்திரிக்காய்தான். போனால் போகிறது. உன் மண்ணும் அதில் இருக்கிறது.

ராஜாக்கள் திருநாளன்று என் பொம்மையை நான்தான் போட்டாக வேண்டும். நம் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் போடுவேன். இதை எழுதும்போதே பயமாக இருக்கிறது, காகிதமெல்லாம் மண். இருக்கட்டும். பயத்தோடயே செய்றேன்டி.