தம்பியின் ஐம்பது நிமிடங்கள்

மார்ச்சு 4

பல் மருத்துவரின் காத்திருப்பறையில் இன்று தம்பியின் இசை ஒலித்தது. ஊரே அறிந்த அந்தப் பாட்டின் தொடக்கத்தில் வரும் பதினாறு நொடி. எதிரில் இருந்த பெண்மணி காலால் தாளம் போட்டார், பாடகரின் குரல் எழுந்ததும், "அவரு அவருதாங்க!" என்று உருகினார்.

அம்மா, தாங்கள் தாளம் போட்டது அவருக்கு அன்று. மின்தூக்கி பழுதுபார்க்கும் வேலையில் உணவு இடைவேளையின்போது அந்தப் பதினாறு நொடியை அமைத்த என் தம்பிக்கு — இப்படி எழுந்து நின்று முழங்கியிருப்பேன். வாய் நிறையப் பஞ்சு.

வீடு திரும்பி அவனிடம் சொன்னேன். "பல்லு எப்படி இருக்கு?" என்றான்.

மார்ச்சு 9

அந்தப் பாட்டு வந்த இசைத்தட்டின் உறையில் பாடகரோடு குழுவினர் நின்ற படம் உண்டு. ஓரத்தை வெட்டியபோது தம்பியும் வெட்டுப்பட்டான். எஞ்சியது முழங்கை மட்டுமே. அவன் மகள் பேசப் பழகிய நாளில் அந்த முழங்கையைத் தொட்டு "அப்பா" என்பாள். தாயில்லாமல் வளர்ந்த பெண். இன்று மருந்துக்கடையில் பணியாற்றுகிறாள். தந்தையின் மாத்திரைகளுக்கும் அவளே காவல்.

"அத்தை, மாத்திரை போட்டு அரை மணியில நடுக்கம் அடங்கி அப்பா கை திறக்கும். அதுக்கப்புறம் அம்பது நிமிஷம். மேல ஒரு நிமிஷம் கெஞ்சினாலும் கிடையாது. ஒரு நாளைக்கு ரெண்டு தடவைதான்."

நடுக்கம் இடக்கையில். நரம்பை அழுத்துவதும் எழுதுவதும் அந்தக் கைதான். நூறு மேடைகளில் எவர் கண்ணிலும் படாத கையை நோய் மட்டும் தேடி வந்து கண்டுபிடித்திருக்கிறது.

மார்ச்சு 21

‘இடி’ என்று நாங்கள் அழைக்கும் நண்பர் வந்திருந்தார். குழுவில் முரசடித்தவர்; இப்போது அரங்குகளுக்கு ஒலியமைப்பவர். அவர் நலம் விசாரித்தாலே சன்னல் அதிரும்.

"ஒரு சாயங்காலம், முழுக்க இவனுக்கு. இவன் ஒண்ணே ஒண்ணு வாசிச்சா போதும்."

தம்பி இடக்கை விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தான். பிறகு, "படிக்கட்டு வாசிக்கிறேன்" என்றான். இருபது ஆண்டுகளாக அவன் செதுக்கி வரும் ஏழு நிமிட இசை அது, மேடை கண்டதில்லை. ஏன் அந்தப் பெயர் என்று கேட்டேன். "லிஃப்ட் நின்னாத்தான் படிக்கட்டுன்னு ஒண்ணு இருக்கிறதே ஆளுங்களுக்குத் தெரியுது" என்றான்.

அறிமுக உரை என்னுடையது. இடி விரலை நீட்டி எச்சரித்தார்: "அக்கா, அஞ்சு நிமிஷம். உங்க அஞ்சு இல்ல, கடிகாரத்தோட அஞ்சு."

நரம்பிசைக் கருவியைப் பற்றி நான்கு வரி சொல்வேன் என்றேன். "கிட்டார்னே சொல்லுக்கா, அது கோவிச்சுக்காது" என்றான் தம்பி. சிரித்தோம். அவன் சிரித்து எத்தனை நாளாயிற்று!

ஏப்பிரல் 2

உரையை எழுதி முடித்தேன். எழுதும்போது ஒரு கேள்வி குறுக்கே வந்து நின்றது. இந்த முப்பது ஆண்டுகளில் அவன் மீட்டியதை நான் முழுமையாகக் கேட்டது எத்தனை முறை?

ஒருமுறைகூட இல்லை. எனக்கு எப்போதும் பேசவேண்டிய ஒரு கூட்டம் காத்திருந்தது. அவன் முதல் நரம்பைத் தொடும்போது நான் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பேன்.

இன்று காலை, கை திறந்திருந்த வேளையில், "உக்காருக்கா, படிக்கட்டு வாசிச்சுக் காட்டுறேன்" என்றான். வேண்டாம், அவையோரோடு அமர்ந்து முதன்முதலாகக் கேட்பேன் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். "சரி" என்று கருவியை உறையில் இட்டான்.

ஏப்பிரல் 10

சுவரொட்டி வந்தது. என் பெயருக்கு மேல் வழக்கமான பட்டம்: மூச்சுவிடாத முழக்கம். அவன் பெயரை அதைவிடப் பெரிதாகப் போடச் சொல்லியிருந்தேன், போட்டிருக்கிறார்கள். நாளை மாலை ஐந்து மணி.

ஏப்பிரல் 12

எழுத முடியவில்லை.

ஏப்பிரல் 14

எழுதியே தீரவேண்டும்.

நிகழ்ச்சியன்று ஒன்றரை மணி மாத்திரைக்குப் பின், இரண்டு மணியளவில் அரங்கில் ஒலி சரிபார்த்தோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி ஒலிவாங்கியைச் சோதிப்பவள் அல்லேன் நான். உரையையே நிகழ்த்திப் பார்ப்பேன். வெற்று நாற்காலிகளை நோக்கி முழங்கினேன். மேடையின் மறுகோடியில் அவனும் எதையோ மீட்டிக்கொண்டிருந்தான். சுவரில் மோதித் திரும்பிய என் குரல் நன்றாக இருந்தது.

நாலரை மணிக்கு மகள் மாத்திரை தந்தாள். ஐந்துக்கு நான் ஏறினேன். இருநூறு நாற்காலிகளும் நிறைந்திருந்தன. "இவன் இசைக்குக் காது கொடுத்த ஊரே, இவன் முகத்துக்குக் கண் கொடுத்தாயா?" என்றேன். கைதட்டல். அதோடு நிறுத்தியிருக்கலாம். கைதட்டல் கேட்டால் எனக்குள் ஏதோ பற்றிக்கொள்ளும். பிறகு நானே நினைத்தாலும் அணையாது. முழங்கையின் கதையைச் சொன்னேன், அழுதார்கள். படிக்கட்டின் கதையைச் சொன்னேன், சிரித்தார்கள்.

நேரமாயிற்று என்று மேடைக்குத் துண்டுச்சீட்டு வந்தால், அதைப் படிக்காமல் தண்ணீர்க் குவளைக்கு அடியில் வைப்பது என் வழக்கம். அவையோர் அதைக் காணவே காத்திருப்பார்கள். அன்று ஒன்று வந்தது, வைத்தேன். ஆரவாரம். இன்னொன்று வந்தது, வைத்தேன். அதனினும் பெரிய ஆரவாரம்.

நான் இறங்கியபோது மணி ஐந்து ஐம்பத்திரண்டு.

தம்பி வந்து அமர்ந்தான். முதல் ஒலி பிறந்தது. இரண்டாவதற்கு விரல் நகரவில்லை. நரம்பின் மேல் நின்று நடுங்கியது. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினான். மீண்டும். பிறகு கருவியை மடியில் கிடத்தி, அதன் மேல் இரு கைகளையும் வைத்துக்கொண்டு, தலை தாழ்த்தினான்.

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அவனுக்காகவாம்.

வண்டியில் திரும்பும்போது சொன்னான்: "முப்பது வருஷமா வாசிச்சேன், ஒருத்தனும் எந்திரிக்கல. இன்னிக்கு வாசிக்கவே இல்ல, எல்லாரும் எந்திரிச்சிட்டாங்க. நல்லா பேசியிருக்கக்கா."

அய்யோ, என்ன காரியம்டி பண்ணிட்ட! அவன் நேரத்தை எடுத்து அவனையே புகழ்ந்திருக்கியே — யாருடி உன்னைக் கேட்டா?

ஏப்பிரல் 15

மூன்று நாளாகப் பிரிக்காமல் கிடந்த நாளேட்டில் என் உரை அரைப்பக்கம். கீழே ஒரு வரி: "பேச்சாளரின் தம்பியும் மேடையில் காணப்பட்டார்." நேற்றுவரை பாடகரின் முழங்கை. இன்று என் தம்பி.

மாலையில் மகள் வந்தாள். மேடையைத் துடைத்தபோது குவளைக்கு அடியில் இருந்தவை என்று இரண்டு சீட்டுகளை மேசைமேல் வைத்தாள். அரங்கத்தார் எழுதியவை என்றே இதுவரை எண்ணியிருந்தேன்.

தம்பியின் கையெழுத்து.

முதல் சீட்டு: "அக்கா, கை சூப்பரா இருக்கு. விடு, வாசிக்கிறேன்."

இரண்டாவதில் ஒரே சொல். கோணலாய், மேலும் கீழுமாய், ஓர் எழுத்து இன்னொன்றின் மேல் விழுந்து: "அக்கா".

"படிக்கவே இல்லையா அத்தை?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

ஏப்பிரல் 16

"என்னைத் திட்டுடா" என்றேன்.

"உன்னைத் திட்டணும்னா உன் அளவுக்குத் தமிழ் தெரியணும். எனக்கு ஏதுக்கா?"

சிரிக்க முயன்றான். நானும்.

ஏப்பிரல் 23

இன்னொரு மாலைக்கு அரங்கு கேட்டிருக்கிறார் இடி. மே மாத இறுதியில் கிடைக்குமாம். நான் வாயே திறக்கமாட்டேன் என்று உறுதி சொன்னேன். "கைய முதல்ல கேப்போம்" என்றான் தம்பி.

மே 6

மாத்திரை கொடுத்து நாற்பது நிமிடமாயிற்று. கை திறக்கவில்லை. நேற்றும் இல்லை, முந்தாநாளும் இல்லை.

மே 11

மருத்துவர் அளவைக் கூட்டினார், மருந்தை மாற்றினார், இன்று கையை விரித்தார். நடக்கலாம், உண்ணலாம், சட்டைப் பொத்தானைப் போடலாம். நரம்பை அழுத்த முடியாது.

சமையலறையில் மாத்திரை நேரத்துக்கென்று வைத்திருந்த மணிப்பொறியை மகள் எடுத்து உள்ளே வைத்தாள். "இனிமே நிமிஷம் எண்ண வேண்டாம் அத்தை."

மே 30

அரங்கு வேண்டாமென்று இடி சொல்லிவிட்டார். அவர் கேட்டிருந்த நாள் இன்றுதான்.

சூன் 17

மூன்று கூட்டங்களுக்கு அழைப்பு. தொண்டை சரியில்லை என்று எழுதிவிட்டேன். தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது.

சூன் 28

இடி மூச்சிரைக்கப் படியேறி வந்தார். அன்று இரண்டு மணிக்கு ஒலி சரிபார்த்தபோது பதிவுக்கருவி ஓடிக்கொண்டிருந்ததாம், இன்றுதான் கண்டாராம். "முழுசா வாசிச்சிருக்கான்கா. ஏழு நிமிஷமும். அப்படி ஒரு வாசிப்ப நான் கேட்டதே இல்ல." பிறகு குரலைத் தாழ்த்தினார். அவர் குரல் தாழ்ந்து நான் கேட்டதில்லை. "ஆனா உங்க மைக்கும் அதே தடத்துல விழுந்திருக்கு. எவ்வளவோ பார்த்துட்டேன். பிரிக்க முடியல."

தம்பியும் மகளும் நானும் அமர்ந்து கேட்டோம். வெற்று நாற்காலிகளை நோக்கி என் குரல் முழங்கியது. இவன் இசைக்குக் காது கொடுத்த ஊரே... அதன் அடியில், சுவருக்கு அப்பால் யாரோ நடப்பதுபோல், ஏதோ அசைந்தது. நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

தம்பி என் கையை விலக்கினான். "இருக்கா. இங்க நீ மூச்சு வாங்குவ பாரு. அங்கதான் நான் மேல ஏறுறேன். கேளு."

கேட்டேன். என் சொல் முடிந்து அடுத்த சொல் பிறப்பதற்குள் ஓர் இடைவெளி. அதில் அவன் கிட்டார் ஏறியது. மூன்று படி, நான்கு படி. பிறகு மீண்டும் என் குரல் வந்து மூடியது.

அவர்கள் படுக்கப் போன பின் தனியே அமர்ந்து மீண்டும் கேட்டு எண்ணினேன். ஏழு நிமிடங்களில் ஒன்பது இடங்களில் மட்டுமே மூச்சு வாங்கியிருக்கிறேன்.