சேற்றையும் சேர்த்து எழுதியவன்

என் செல்ல மகளுக்கு,

பிரசவத்துக்கு இங்கே வர வேண்டாம். பயணம் உனக்கு ஆகாது என்று முதலில் காரணம் எழுதினேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். உன்னிடம் எனக்குப் பொய் வராது.

நேற்று நீர்த்தேக்கத்தில் படகில் போய், ஈயக் குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்த்தோம். கரையிலுள்ள அளவுகோல் பதினெட்டு அடி காட்டுகிறது. கயிறோ பதினொன்றிலேயே நின்றுவிட்டது. மீதி ஏழடியும் சேறு. இத்தனை வருஷமாக அந்தச் சேற்றையும் தண்ணீர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

"இந்தத் தண்ணி எத்தனை நாளைக்குத் தாங்கும் சார்?" என்றார் படகோட்டி.

"நாப்பது."

"ஊருக்கு நூறுன்னு சொல்லியிருக்கீங்களே?"

நான் ஈரக் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

டாக்டர் உனக்குக் குறித்த தேதிக்கு இன்னும் ஐம்பத்தைந்து நாள் இருக்கிறது.

திருத்திய அறிக்கையை இன்று மேலதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். நாளை ஊருக்கே தெரிந்துவிடும். உன் அம்மாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. இதை எழுதும்போது உன் அறையைக் கழுவிக்கொண்டிருக்கிறாள்.

"பச்சக் குழந்தை வர்ற இடம், ஒரு தூசி இருக்கக் கூடாது" என்கிறாள்.

இது மூன்றாவது வாளி. போதும் என்று சொல்லத்தான் எழுந்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, நான்காவதை நானே நிரப்பிக் கொடுத்தேன்.

உன்
அப்பா