அம்மாவுக்கு மட்டும் எரிந்த லைட்

என்னிடம் மட்டும் அன்பாக இருந்த அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடமாகப் போகிறது. மாதா கோயிலில் நினைவுப் பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவு மலரில் மகளின் கடிதம் ஒன்று இருக்க வேண்டும் என்று சித்தப்பா கேட்டார். நானும் உட்கார்ந்தேன். ‘எங்கள் குடும்பத்தின் ஒளிவிளக்கே’ என்று ஒரு வரி எழுதினேன். அதற்கு மேல் எழுத முடியவில்லை. கடைசியில் சித்தப்பாவே நாலு வரி எழுதி அச்சுக்குக் கொடுத்துவிட்டார்.

இது வேறு கடிதம். அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “எழுது. பேர் மட்டும் போடாத” என்றார்.

அந்த வெள்ளைக் கார் ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் கந்தோர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் வாங்கியது. அம்பிட்டியவில் நம் வீட்டு ஏற்றத்துக்கு பஸ் வராது. அம்மா பாடசாலைக்குப் போய்வரட்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். ஐம்பது வயதில் அம்மா ஓட்டப் பழகி, முதல் தடவையிலேயே லைசன்ஸ் எடுத்தார். நீங்கள் எத்தனையாவது தடவையில் எடுத்தீர்கள் என்று அன்று யாரும் கேட்கவில்லை. ஆனாலும் உங்கள் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன்.

மூன்று மாதம் போயிருக்கும். ஒருநாள் அம்மா பாடசாலை விட்டு வந்து, கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் சொன்னார்: “என்னங்க, டேஷ்போர்டுல சிவப்பா ஒரு லைட்டு எரியுது. ஒரு ஆளு உக்காந்திருக்க மாதிரி. அவருக்கு முன்னால ஒரு பந்து.”

நீங்கள் போய் சீட்டைப் பின்னால் தள்ளி, ஏறி உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்தீர்கள். ஒன்றுமில்லை. ஏற்றம் இறக்கம் எல்லாம் ஒரு சுற்று போய்வந்தீர்கள். அப்போதும் இல்லை. “எங்கடி ஆளு? எங்க பந்து?” என்றீர்கள்.

பிறகு வாரத்துக்கு இரண்டு தடவையாவது அம்மா அதைச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் நீங்கள் போய்ப் பார்த்தீர்கள். நானும் ஓட்டிப் பார்த்தேன். எனக்கும் எரியவில்லை. “இல்லையேம்மா” என்றேன். அம்மா போனில் படம் எடுத்துவந்து காட்டினார். “ஸ்டார்ட் பண்றப்ப எல்லா லைட்டும் எரியும். அதப் புடிச்சிட்டு வந்து காட்டுறா” என்றீர்கள். அதுவும் எனக்குச் சரியாகத்தான் பட்டது.

“ஒரு தடவ பக்கத்துல வந்து உக்காந்து பாரு” என்று அம்மா என்னைக் கேட்டார். எத்தனை தடவை கேட்டார் தெரியுமா? எனக்கு நேரம் கிடைக்கவில்லை. நீங்களோ, மனைவி ஓட்டும் காரில் ஏறுவதே வெட்கம் என்று இருந்தீர்கள்.

பூசை முடிந்து கோயில் முற்றத்தில் நின்ற நாலு பேரிடம் நீங்கள் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. “எங்க வீட்டம்மாவுக்கு கார்ல ஆளு தெரியுதாம். ஃபாதர்ட்ட சொல்லி மந்திரிக்கணும்.” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மா செபமாலையைச் சின்ன டப்பாவில் போட்டு மூடிக்கொண்டிருந்தார். மூடி சரியாகப் பொருந்தவில்லை. திரும்பத் திரும்ப அதையே அழுத்திக்கொண்டிருந்தார்.

நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன் என்று சொல்லி, கண்ணைப் பரிசோதிக்கச் சொன்னதும் நீங்கள்தான். நான் கூட்டிப்போனேன், அப்பா. அந்தக் கதிரையில் உட்கார்ந்து அம்மா கடைசி வரி வரைக்கும் ஒரு எழுத்துப் பிழையில்லாமல் வாசித்தார். வாசித்துவிட்டு, “இப்பவாவது நம்புறியா?” என்று கேட்டார். “கண்ணுல ஒண்ணுமில்லம்மா” என்றேன். அப்படியென்றால் குறை வேறெங்கோ இருக்கிறது என்பது போல.

அதன் பிறகு ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கேட்டீர்கள். “யாருடி அந்த ஆளு? ஸ்கூல்ல கூட வேல செய்றவனா?” அம்மா சோற்றுக் கையோடு எழுந்து போனார். மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, படித்து, கணித ஆசிரியையான பெண்ணைப் பார்த்து, “லயத்துல பொறந்தவளுக்கு பஸ்தான் சரி” என்றீர்கள். மறுநாள் சாவியை எடுத்து உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொண்டீர்கள்.

எட்டு மாதம், அப்பா. மழையிலும் வெயிலிலும் அம்மா பிள்ளைகளின் கொப்பிகளைத் தூக்கிக்கொண்டு அந்த இறக்கத்தில் நடந்தார். சாயங்காலம் அதே ஏற்றத்தில் மூச்சு வாங்க ஏறி வந்தார். கார் முற்றத்தில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நீங்கள் ஓட்டினீர்கள். நான் முன்னால், அம்மா பின்னால்.

உங்களுக்கு நெஞ்சு வலித்த அந்தச் சனிக்கிழமை காலை நான் கடையில் இருந்தேன். அம்மா எனக்குப் போன் எடுத்தார். “அப்பாவுக்கு வேர்க்குது, நெஞ்சக் கையால அமுக்குறாரு. ஆட்டோ ஒண்ணும் இல்ல. ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டேன். கீழ பாதையில மரம் விழுந்து கெடக்காம், சுத்தி வரணுமாம்.” ஆட்டோ பிடித்து நான் வந்து சேர முக்கால் மணித்தியாலம் ஆனது. நீங்கள் முன்னறைக் கதிரையில் மூச்சில்லாமல் சாய்ந்திருந்தீர்கள். அம்மா உங்கள் காலடியில், வெறும் தரையில். மரம் விழுந்தது கீழ்ப் பாதையில்தான். நம் மேல் பாதையில் கார் தாராளமாகப் போயிருக்கும்.

ஏன் காரை எடுக்கவில்லை என்று அன்று அழுகையின் நடுவில் நான் அம்மாவிடம் கேட்கவில்லை.

ஆறு மாதம் கழித்து காரை விற்க நினைத்தோம். கலகெதரவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒருவர் பார்க்க வந்தார். கட்டையான மனிதர். சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு ஓட்டினார், நான் பக்கத்தில் இருந்தேன். இறக்கத்தின் வளைவில் திரும்பும்போது அது எரிந்தது. சிவப்பாக. ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் ஒரு பந்து.

“லைட்டு எரியுதே மிஸ்?” என்றார்.

“இதுக்கு முன்ன வந்ததே இல்லங்க.”

“அப்ப எனக்காக வந்திச்சா?” என்று கேட்டு, காரை ஓரமாக நிறுத்தி, என்னைப் பார்த்தார். பொய் சொல்லிப் பிடிபட்டவளைப் பார்க்கிற பார்வை. இரண்டு நிமிடம்தான் அதைத் தாங்கினேன். அதற்கே முகமெல்லாம் எரிந்தது.

மறுநாள் கட்டுகஸ்தோட்டையில் கார் வயரிங் பார்க்கும் முஸ்லிம் நானா ஒருவரிடம் கொண்டுபோனேன். அங்கே போய்ச் சேர்ந்தபோது லைட் இல்லை. நான் ஓட்டினால் எப்படி வரும்? அவர் சிரிக்கவில்லை. ஒரு சின்ன மெஷினை மாட்டிப் பார்த்தார். “டிரைவர் சீட்டுப் பக்கத்துப் பழுது. கனக்க தரம் பதிஞ்சு ஈக்கி தங்கச்சி. நேத்து வந்ததில்ல இது” என்றார். பல தடவை எரிந்ததாக அந்த மெஷினில் இருந்தது. பிறகு கேட்டார்: “ஊட்டுல வேற ஆரு ஓட்டுற?”

“அம்மா. முந்தி ஓட்டினாங்க.”

“உம்மா கட்டையா?”

நான் தலையாட்டினேன். அவர் எஞ்சினை ஓடவிட்டு, சீட்டை முன்னால் இழுத்தார். எரிந்தது. பின்னால் தள்ளி, நிறுத்தி, மறுபடி ஸ்டார்ட் செய்தார். இல்லை. மூன்று தடவை செய்து காட்டினார். மூன்று தடவையும் அப்படியே. நீங்களும் நானும் நெட்டை, அப்பா. ஏறியதும் சீட்டைப் பின்னால் தள்ளுவோம். அவ்வளவுதான் விஷயம்.

குனிந்து சீட்டுக்குக் கீழே டார்ச் அடித்தார். “ஆரோ சீட் கவர் போடக்கொள்ள இந்த வயர இறுக்கிக் கட்டியீக்கி. சீட்டு முன்னுக்கு வந்தா இழுபட்டு பிளக் லூசாகுது. இந்த லைட்டு எரியக்கொள்ள எங்கயாச்சும் மோதினா, அந்தப் பந்து, காத்துப் பை, விரியாது. உம்மா சொன்னத ஆரும் கேக்கலயா?”

சீட் கவர் போட்டது யார் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. ஒரு விடுமுறை நாள் முழுக்க முற்றத்தில் குந்தியிருந்து, கடைக்காரனைவிட நன்றாகப் போட்டிருக்கிறேன் என்று பெருமைப்பட்டீர்களே. அவர் வயரைக் கட்டியிருந்த பட்டியை வெட்டி, பிளக்கை அழுத்திப் பொருத்தினார். பத்து நிமிட வேலை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கொப்பி திருத்திக்கொண்டிருந்தார். “அம்மா, லைட்டு உண்மதான்” என்றேன். நடந்ததையெல்லாம் சொன்னேன்.

“எனக்குத் தெரியும்” என்றார், நிமிராமலே. “உனக்குத்தான் இன்னிக்குத் தெரியும்.”

அப்போதுதான் கேட்டேன். “அன்னிக்கு சாவி எங்கன்னு தெரியலயாம்மா?”

சிவப்புப் பேனையை மூடி வைத்தார். “அவர் சட்டப் பையிலதான் இருந்துச்சு. கேட்டேன். ‘நீ ஓட்டினா வழியிலயே கொன்னுடுவ, மக வரட்டும்’னாரு.”

“கைய விட்டு எடுத்திருக்கலாமே?”

“எடுத்திருக்கலாம். அவருக்குத் தடுக்கத் தெம்பில்ல.” திருத்திய கொப்பியை மூடினார். “எட்டு மாசமா அவர் சொன்னதத்தான் கேட்டேன். அன்னிக்கும் கேட்டேன்.”

அவ்வளவுதான், அப்பா. அம்மா அழவில்லை. அடுத்த கொப்பியை எடுத்தார். அது பயமா, பழக்கமா, வேறு ஏதாவதா? நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? வேறு ஏதாவதாக இருந்தால் அதில் என் பங்கு எவ்வளவு?

காரை அந்தக் கலகெதரக்காரருக்கே கொடுத்துவிட்டோம். “நீங்க வச்சு ஓட்டுங்கம்மா” என்று கெஞ்சினேன். “இனி எனக்குக் கை வராது” என்றார். இன்றைக்கும் அதே இறக்கத்தில் நடந்துதான் போகிறார். கொப்பிகளை நான் தூக்கிக்கொள்கிறேன் என்றால் தர மாட்டேன் என்கிறார்.

உங்களை நான் நேசித்தேன். இப்போதும் நேசிக்கிறேன். அதுதான் எனக்குப் பெரிய தண்டனை.

நவம்பரில் இறந்தோர் நாளன்று உங்கள் கல்லறையைக் கழுவி, மெழுகுவர்த்தி வைப்பேன். வருடா வருடம் வைப்பேன், அது என் வாக்கு. அம்மாவை வரச் சொல்ல மாட்டேன். ஏன் அவர் வரவில்லை என்று சனங்கள் கேட்டால், முழங்கால் வலி என்று சொல்வேன். என்னை எல்லாரும் நம்புவார்கள்.

அம்மாவை ஒருநாளும் நம்பாத,
உங்கள் ஒரே மகள்