பதினான்காவது கோப்பு

அன்பு நிறைந்த ராத்தாவுக்கு,

இப்படி எழுதுவதற்கு முதலில் குறை நினைக்காதேங்கோ. உங்கள் நாற்பதாம் நாளுக்கு நலன்புரிச் சங்கம் ஒரு நினைவு மலர் அச்சிடுகிறது. ஆளுக்கு நான்கு வரி எழுதித் தந்தால் போதும் என்றார்கள். நான்கு வரி பேசவே அரை நாள் யோசிக்கிறவள் இத்தனை பக்கம் எழுதியிருக்கிறாளே என்று நீங்கள் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்ப்பீர்கள். பேசத்தான் வெட்கம் ராத்தா. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

நீங்கள் கந்தோருக்கு வேலைக்குப் போய் என்னதான் செய்தீர்கள் என்று உங்கள் பிள்ளைகளுக்கே சரியாகத் தெரியாது போலிருக்கிறது. உங்கள் மகள் என்னிடம் கேட்டாள். "உம்மா வீட்டுக்கு வந்தா கம்பியூட்டர் எண்ட சொல்லையே எடுக்க மாட்டா. அங்க என்னதான் செஞ்சவ?" ஆகவே அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

கோடையில் கிணறுகள் வற்றும்போது பதினான்கு ஊர்களுக்குப் பவுசர் லொறியில் குடிதண்ணீர் போகும். எந்த ஒழுங்கை, எந்த வீடு, எத்தனை பேர், எத்தனை லீற்றர் என்று ஒவ்வோர் ஊருக்கும் கணினியில் ஒரு விரிதாள். அதில் வீடுகளின் வரிசைதான் முக்கியம். ஒழுங்கையின் கடைசி வீட்டுக்குப் போகும்போது பவுசரின் அடி தட்டிவிடும். அதனால் எல்லா ஊரிலும் எல்லாருக்கும் தங்கள் பெயர் மேலே வர வேண்டும். அதனாலேயே நீங்கள் பதினான்கு கோப்புக்கும் பதினான்கு கடவுச்சொல் போட்டிருந்தீர்கள்.

புதன்கிழமை தோறும் ஒவ்வொன்றாகத் திறந்து, வாரத்தின் மாற்றங்களைப் பதிந்து, பவுசர்காரருக்கான ஒரே பட்டியலாகச் சேர்த்து, மறுபடி ஒவ்வொன்றாகப் பூட்டுவீர்கள். காலையில் உட்கார்ந்தால் பின்னேரம் அஸர் தொழுகைக்குத்தான் எழும்புவீர்கள். நான் பக்கத்துக் கதிரையிலிருந்து மூன்று மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை ஒரு மேக்ரோவால் செய்யலாமே என்று சொல்ல எனக்கு அந்த மூன்று மாதமும் வேண்டியிருந்தது.

மேக்ரோ என்றால் என்னவென்று கேட்டீர்கள். நாம் கையால் செய்கிற வேலையை வரிசையாக எழுதி வைத்தால் கணினி தானே செய்துவிடும் என்றேன்.

"பட்டனை அமத்தினா தேத்தண்ணியும் வருமா மகள்?"

"இல்லை ராத்தா. பட்டியல் மட்டும்தான்."

"அப்ப கோப்புத் தானாத் திறக்கும். திறக்கிறதுக்குக் கடவுச்சொல் எங்க இருக்கும்?"

"மேக்ரோவுக்குள்ளை எழுதி வைப்பன்."

"பதினாலு பூட்டுத் திறப்பையும் ஒரு பெட்டிக்குள்ள போட்டா, அந்தப் பெட்டிக்கு ஆரு காவல்?"

பல்கலைக்கழகத்தில் என்னிடம் எவரும் கேட்காத கேள்வி அது. அன்றைக்கே அந்தக் கட்டளைகள் இருக்கும் பக்கத்துக்கும் ஒரு பூட்டுப் போட்டேன். முதல் தடவை ஓடவிட்டபோது தேத்தண்ணீர் ஆறுவதற்குள் பதினான்கு ஊரும் ஒரே தாளில் வந்து நின்றன. நீங்கள் அச்சடித்த தாளைக் கையில் எடுத்து, பழைய தாளோடு வீடு வீடாக விரல் வைத்து ஒப்பிட்டீர்கள். பிறகு பையிலிருந்து ஈச்சம்பழம் எடுத்து என் மேசையில் வைத்தீர்கள். நல்லது என்று வாயால் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. ஈச்சம்பழம் எனக்குப் போதுமாயிருந்தது.

பூட்டு விடயத்தில் நீங்கள் ஏன் இத்தனை கடுமை என்று ஒருநாள்தான் சொன்னீர்கள். வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றிய பிறகு, புத்தளத்து முகாமில் நீங்கள் சிறுமியாக இருந்தபோது, அரிசிப் பட்டியலை ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்கு எழுதியவர் உங்கள் உம்மாவின் பெயரை விட்டுவிட்டார். வேண்டுமென்றா, கைதவறியா என்று கடைசிவரை தெரியவில்லை. "வரிசையில நிண்டு, எங்கட முறை வந்த பிறகு, பேர் இல்லையெண்டு சொன்னாங்க மகள்" என்றீர்கள். அதற்கு மேல் சொல்லவில்லை. அடுத்த ஊரின் கோப்பைத் திறந்தீர்கள்.

நறுவிலிக்குளத்துக் கதைக்கு வருகிறேன். அது என் ஊர். என் சித்தப்பா கந்தோர் வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு வந்த நாள் உங்களுக்கு மறந்திராது. வாசலில் படுத்திருந்த கழுதை எழும்பாததால் அதைச் சுற்றிக்கொண்டு, ஏற்கனவே எரிச்சலோடுதான் உள்ளே வந்தார்.

"பிள்ளை, எங்கட படலையை முதலாவதாப் போடு. ஒரு வரியை மேலை தூக்கிறது உனக்கு என்ன பெரிய வேலையே? வீட்டிலை ஒரு படிச்ச பிள்ளை இருந்தென்ன, இல்லாட்டி என்ன?"

நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓமென்று சொல்லவும் முடியவில்லை, மாட்டேன் என்றும் வாய் வரவில்லை. என்னைப் படிப்பிக்க உதவினவர்களில் அவரும் ஒருவர். நீங்கள் தலையைத் தூக்காமலேயே சொன்னீர்கள்.

"அந்தக் கோப்பு என்னட்ட அண்ணன். இந்தப் பிள்ளைக்கு அதைத் திறக்கத் தெரியா."

"கம்பசுக்குப் போன பிள்ளைக்குத் திறக்கத் தெரியாதோ?"

"கம்பஸ்ல என்ர கடவுச்சொல்லைப் படிப்பிக்கேல்லயே."

சித்தப்பாவே சிரித்துவிட்டார். அவர் போனதும் நறுவிலிக்குளத்துக் கோப்பின் கடவுச்சொல்லை மாற்றினீர்கள். "இனி இது எனக்கு மட்டும். உனக்குப் பொய் சொல்லுற மூஞ்சி இல்ல. தெரியாதெண்டு நீ சொன்னா அது உண்மையா இருக்கட்டும்" என்றீர்கள். அதன் பிறகு என் மேக்ரோ பதின்மூன்று ஊர்களைத் தானே திறந்தது. பதினான்காவதில் நின்று கடவுச்சொல் கேட்டது. "தள்ளு" என்று வருவீர்கள். ஒரு கையால் மறைத்துக்கொண்டு மறுகையின் ஒற்றை விரலால் அழுத்துவீர்கள். நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். என்னை நம்பவில்லையே என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. யாரோ எனக்குக் குடை பிடிப்பதுபோல்தான் இருந்தது.

சத்திரசிகிச்சைக்குக் கொழும்புக்குப் போகும்போது இரண்டு கிழமையில் வந்துவிடுவேன் என்றீர்கள். நறுவிலிக்குளத்தின் கடைசி அச்சுத் தாளை என்னிடம் தந்து, அதைப் பார்த்துக் கையால் பட்டியலில் சேர்க்கச் சொன்னீர்கள். அப்படியே செய்தேன். ஆனால் நீங்கள் இல்லாத முதல் புதனில், பதினான்காவது கோப்பில் மேக்ரோ நின்று கேட்டபோது எனக்குத் தொல்லையாக இருந்தது. ஒரு வரி சேர்த்தேன். ஏதாவது கோப்புத் திறக்காவிட்டால் அதை விட்டுவிட்டு மேலே போ என்ற வரி. நீங்கள் வந்ததும் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

நீங்கள் வரவில்லை ராத்தா. செவ்வாய்க்கிழமை பின்னேரம் செய்தி வந்தது. புதன் காலை உங்கள் ஊரான எருக்கலம்பிட்டிக்கு ஜனாஸாவுக்குப் போக எல்லாரும் வான் வண்டியில் ஏறிவிட்டார்கள். வெளியிலிருந்து வண்டியின் ஹோனை அடித்துக்கொண்டேயிருந்தார்கள். நான் பட்டனை அமத்தினேன். "வேலை முடிந்தது" என்று திரையில் வந்தது. அந்தச் செய்தியையும் நான்தான் எழுதி வைத்திருந்தேன். அச்சடித்த தாளைப் பவுசர் பகுதியில் கொடுத்துவிட்டு ஓடினேன். அச்சுத் தாளைப் பார்த்துக் கையால் சேர்க்க வேண்டிய ஊர் ஒன்று இருப்பது எனக்கு நினைவே வரவில்லை. என் சொந்த ஊர்.

வியாழன் பின்னேரம் அம்மா போன் எடுத்தா. "பிள்ளை, பவுசர் வரேல்லை." நாளைக்கு வரும் அம்மா என்றேன். வெள்ளி மறுபடி எடுத்தா. "பீப்பாய் எல்லாம் ஒழுங்கையிலை கிடக்கு. சனம் என்னைத்தான் பாக்குது. உன்ரை கந்தோரிலை என்னதான் செய்யிறியள்?" லொறி பழுதாக்கும் என்றேன். ஐந்து நாள் ராத்தா. பிள்ளை பெற்று ஒரு மாதமான ஒருத்தி அடுத்த ஊருக்குச் சைக்கிளில் போய் இரண்டு கேனில் தண்ணீர் கட்டி வந்திருக்கிறாள். திங்கட்கிழமை ஊர்ச் சனம் கந்தோருக்கு வந்த பிறகுதான் பட்டியலை எடுத்துப் பார்த்தோம். நறுவிலிக்குளம் என்ற பெயரே அதில் இல்லை.

பொறுப்பதிகாரி கோப்பைத் திறக்கப் பார்த்தார். கடவுச்சொல் கேட்டது. அவ்வளவுதான், எல்லாருக்கும் காரணம் கிடைத்துவிட்டது. தேத்தண்ணீர் அறையில் ஒருவர், "எல்லாத்துக்கும் பூட்டு, கடைசியிலை ஒரு ஊருக்கே பூட்டுப் போட்டிட்டுப் போயிட்டா" என்றார். இன்னொருவர், "சரி விடுங்கோ, மௌத்தான மனுசி. தெரிஞ்சே செய்தவ?" என்றார். நான் தேத்தண்ணீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். கோப்புப் பூட்டியிருந்தது உண்மை. ஆனால் பூட்டியிருந்தால் மேக்ரோ நின்று கேட்டிருக்கும். நிற்காதே, கேட்காதே என்று எழுதியது நான். தேத்தண்ணீர் ஆறிப்போனது. அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு என் மேசைக்குத் திரும்பினேன்.

பழைய தாளை வைத்து அடுத்த நாளே பவுசரை அனுப்பினோம். சனிக்கிழமை நான் கொப்பியோடு ஊருக்குப் போய் வீடு வீடாகக் கேட்டுக் கோப்பைப் புதிதாக எழுதினேன். சித்தப்பா படலையில் நின்றுகொண்டு, "இப்ப புதுசாத்தானே எழுதிறாய், முதலாவதாப் போடன்" என்றார். "இல்லைச் சித்தப்பா, உங்கட வீடு ஒன்பதாவது" என்றேன். அவர் திகைத்துப் போனார். எனக்கும் அது என் குரல்தானா என்று இருந்தது. இன்னொரு வீட்டில், அடுத்த ஊரிலிருந்து தண்ணீர் கட்டி வந்த அந்தப் பிள்ளைத்தாய், தண்ணீர் வேண்டுமா அக்கா என்று எனக்குச் செம்பில் கொண்டுவந்து தந்தாள். அந்தத் தண்ணீரை எப்படிக் குடித்தேன் என்று கேட்காதேங்கோ.

திங்கள் காலை பொறுப்பதிகாரியிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வரியையும் திரையில் காட்டினேன். அவர் நல்ல மனிதர், உங்களுக்குத் தெரியும். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"அறிக்கை மேலிடத்துக்குப் போயிட்டுது பிள்ளை. காலமான அலுவலரின் கடவுச்சொல் கிடைக்காததால் எண்டு எழுதியிருக்கு. அவவுக்கு இனி ஆர் விசாரணை வைக்கப் போறாங்கள்? உமக்கு இன்னும் வேலை நிரந்தரமாகேல்லை. பேசாமல் இரும்."

பேசாமல் இருப்பது எனக்கு மிகவும் சுலபம் ராத்தா. பிறந்ததிலிருந்து அதைத்தானே செய்கிறேன். இரண்டு கிழமை இருந்தும் பார்த்தேன். புதன்கிழமைகளில் உங்கள் கதிரை வெறுமையாக இருக்க, அந்த மலருக்கு நான்கு வரி எழுத உட்கார்ந்தேன். "கடமை தவறாதவர்" என்று தொடங்கினேன். உங்கள் பெயரில் அப்படி ஓர் அறிக்கை கந்தோர்க் கடதாசிக் கோவையில் கிடக்கும்போது அதை எப்படி எழுதுவது? கைதவறியதா, வேண்டுமென்றா என்று உங்கள் ஊருக்குள்ளும் இனி யாராவது கேட்பார்கள் அல்லவா?

ஆகவே அறிக்கையைத் திருத்தும்படி நேற்று எழுத்தில் கொடுத்திருக்கிறேன். கையெழுத்தும் திகதியும் போட்டு, அந்த ஒரு வரியின் அச்சையும் இணைத்திருக்கிறேன். பொறுப்பதிகாரி நீண்ட நேரம் பார்த்துவிட்டு, பெற்றுக்கொண்டதாக ஒப்பம் வைத்தார். என்ன வரும் என்று தெரியாது. எச்சரிக்கைக் கடிதமாக இருக்கலாம். நிரந்தரமாவது பிந்தலாம். அம்மாவிடம் சொன்னேன். "ஊர்ச் சனத்துக்கு நானே சொல்லுறன், நீ சாப்பிட்டியோ?" என்றா.

மேக்ரோவையும் மாற்றிவிட்டேன். இப்போது ஒரு கோப்புத் திறக்காவிட்டால் அந்த ஊரின் பெயரைச் சிவப்பில் காட்டிவிட்டு நின்றுவிடும். பதினான்கையும் எண்ணி முடிக்காமல் ஒரு தாளும் அச்சாகாது. "வேலை முடிந்தது" என்பதை எடுத்துவிட்டு "பதினான்கு ஊர்" என்று எண்ணிக்கையைப் போட்டிருக்கிறேன். கடவுச்சொற்கள் ஒட்டிய உறையில் இரும்பு அலுமாரிக்குள் இருக்கின்றன. நறுவிலிக்குளத்துக்கு மட்டும் உங்கள் முறைதான். அதைப் பக்கத்துப் பகுதி அக்கா வந்து அழுத்துகிறா. எங்கே வேலை செய்தாலும் என் ஊரின் கடவுச்சொல்லை நான் தெரிந்துவைத்திருக்க மாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

இனி, கேட்க நினைத்துக் கேட்காமல் வைத்திருந்த ஒன்று.

அன்று ஜனாஸாவை எடுக்கும் முன் உங்கள் கணவர் வாசலில் நின்று சொன்னார். "என்ர மனைவி சொல்லாலயோ செயலாலயோ ஆருக்காவது பிழை செஞ்சிருந்தா, அல்லாஹ்வுக்காக மாப்புச் செய்ங்க." நான் பெண்களோடு உள்ளே நின்று கேட்டேன். உங்களை மன்னிக்க எங்களிடம் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஐந்து நாளில், நீங்கள் செய்யாத ஒன்றுக்காகக் கந்தோரில் எல்லாரும் உங்களை மன்னித்தார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மன்னிப்பு வேண்டியிருந்தவள் நான். வாங்கிக்கொண்டு கிடந்தது நீங்கள்.

அந்த மன்னிப்பு உங்களுடையதல்ல ராத்தா. அதை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கோ, நான் போய்க் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். உங்கள் பங்கை மட்டும் நீங்கள் எனக்குத் தாங்கோ.

உங்கள் தங்கச்சி,
நறுவிலிக்குளத்துச் சுகந்தி